பெற்றோலில் கலந்த ஈயம்: ஒரு நச்சுப்பொருளின் சமூக வரலாறு

1

மோட்டார் வாகனப் புகையினால் வளி மாசடைதல் என்பது பொதுவாக இரசாயனவியலாருக்கும் பொறியியலாருக்கும் உரிய பொருளாகவே கருதப்பட்டு வந்துள்ளது. புகையில் எவ்வெப் பொருள்கள் கலந்துள்ளன, அவற்றை எக்கருவி கொண்டு குறைக்கலாம் என்பனவே அவர்தம் வினாக்கள். அவ்வினாக்கள் இன்றியமையாதன. ஆயின், அப்புகை அவ்வாறு அமைய வழிவிட்டோர் யாவர், அதனால் ஆதாயம் பெற்றோர் யாவர், அதன் கேட்டினைத் தம் உடலிற் சுமந்தோர் யாவர் என்னும் வினாக்கள் இரசாயனத்தின் எல்லைக்குள் அடங்குவன அல்ல. அவை வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியன.

வாகனப் புகையிற் காணப்படும் காபனோரொட்சைட்டு, நைதரசனின் ஒட்சைட்டுகள், முற்றாக எரியாத ஐதரோகாபன்கள், நுண்துணிக்கைகள் ஆகியன எரிபொருள் எரிவதனாலேயே தோன்றுவன. எஞ்சினை இயக்குவோர் எவரும் அவற்றை விரும்பிச் சேர்ப்பதில்லை. ஈயத்தின் நிலை வேறு. வாகனப் புகையிற் கலந்த ஈயம் மனிதர் திட்டமிட்டுப் பெற்றோலிற் சேர்த்த ஈயமே. ஆதலின், வாகனப் புகையின் வரலாற்றில் மனிதத் தீர்மானங்களின் பங்கினை மிகத் தெளிவாகக் காட்டவல்ல சான்று இதுவே எனலாம். (தமிழ் வழக்கில் ஈயம் என்னும் சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஒருங்கே குறிப்பதுண்டு. இக்கட்டுரையிற் பேசப்படுவது காரீயமே.)

இவ்வரலாறு 1921இல் தொடங்கி 2021இல் முடிவடைகின்றது. இந்நூறு ஆண்டுகளையும் ஊடறுத்துச் செல்லும் வினா ஒன்றுண்டு. ஒரு பொருளின் தீமை பற்றி ஐயம் நிலவும்போது அந்த ஐயத்தின் பயன் யாருக்கு வழங்கப்படவேண்டும்? விற்கப்படும் பொருளுக்கா, அதன் புகையைச் சுவாசிக்கும் மனிதருக்கா? ஈயப் பெற்றோலின் வரலாற்றை அறியாமை அகன்று அறிவு தோன்றிய கதையாக எழுதுவது பொருந்தாது. அறிவு தொடக்கத்திலேயே இருந்தது. மாறியது, மேற்கூறிய வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

2

உட்டகன எஞ்சினின் உருளையினுள் வளியும் எரிபொருளும் கலந்த கலவை எந்த அளவுக்கு அழுத்தப்படுகின்றதோ அந்த அளவுக்கு எஞ்சினின் வலுவும் பெருகும். ஆயின், அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தவிடத்துக் கலவையின் ஒரு பகுதி உரிய வேளைக்கு முன் தானாகவே தீப்பற்றும். அவ்வேளை உருளையினுள் தட்டுவது போன்ற ஓசை எழும், வலு குன்றும், உறுப்புகள் சிதையும். முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க மோட்டார்க் கைத்தொழிலை எதிர்நோக்கிய பெருஞ்சிக்கல் இதுவாகும். ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், சார்ள்ஸ் கெட்டரிங்கின் தலைமையிற் பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி, 1921 டிசெம்பர் 9ஆந் திகதி தெத்திரா எதைல் ஈயம் என்னும் திரவத்தைச் சிறிதளவு எரிபொருளிற் கலந்தபோது அத்தட்டல் அடங்கக் கண்டார்.

இவ்விடத்து ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1921 நவெம்பரில், சர்வதேசத் தொழில் தாபனம் கட்டட உட்புறங்களுக்குப் பூசும் வர்ணத்தில் வெண்ணீயத்தைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சமவாயத்தை ஏற்றிருந்தது. ஈயத்தின் நச்சுத்தன்மை அக்காலத்து மருத்துவர் எவருக்கும் புதியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அலிஸ் ஹமில்டன் 1910 முதலாகவே ஈயத் தொழிலாளரின் நோய்களை ஆலை ஆலையாகச் சென்று ஆராய்ந்து வந்தார். தொழிலாளர் உடல்நலம் கருதி ஓரிடத்தில் ஈயத்துக்கு வரம்பிடப்பட்ட அதே பருவத்தில், மற்றோரிடத்தில் அதே உலோகம் உலகெங்குமுள்ள தெருக்களுக்கு அனுப்பப்படுவதற்கான வழி திறக்கப்பட்டது.

தட்டலை அடக்க வேறு வழி இல்லாமலும் இல்லை. எதைல் அற்ககோலும் அப்பணியைச் செய்யவல்லது என்பதை மிட்ஜ்லியும் கெட்டரிங்கும் நன்கறிந்திருந்தனர். அற்ககோல் கலந்த எரிபொருளை அவர்களே பரிசோதித்தும் இருந்தனர். ஆயின், அற்ககோலைப் பெருமளவிற் கலத்தல் வேண்டும். ஈயச் சேர்மமோ ஒரு கலனுக்குச் சில கன சென்ரிமீற்றரே போதுமானது. அற்ககோல் தானியத்திலிருந்து எவரும் வடித்தெடுக்கக்கூடிய பழம்பொருள். அதன்மீது எந்நிறுவனமும் தனியுரிமை கொண்டாட முடியாது. ஈயச் சேர்மத்தைப் பெற்றோலிற் பயன்படுத்தும் முறைக்கோ ஆக்கவுரிமம் பெறலாம். மலிவும் தனியுரிமையும் ஒருங்கே அமைந்த பொருளை நிறுவனம் தெரிவு செய்தது.

1923 பெப்ரவரியில் டேட்டன் நகரில் ஈயப் பெற்றோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 1924 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும் நியூ ஜேர்சி ஸ்ரான்டட் ஒயில் நிறுவனமும் கூட்டாக எதைல் கசோலின் கூட்டுத்தாபனத்தை நிறுவின. சேர்மத்தின் பெயரில் 'எதைல்' என்னும் பாதி மாத்திரம் விளம்பரப் பலகையில் இடம்பெற்றது. 'ஈயம்' என்னும் மறுபாதி மறைந்தது.

இத்தொழில்நுட்பத்தின் உட்பொருளைக் காட்டும் மற்றொரு கூறும் உண்டு. எரிந்த ஈயம் உருளையினுள் படிந்து எஞ்சினைப் பழுதாக்கியது. அதனைத் தவிர்ப்பதற்காகப் புரோமீன் அடங்கிய சேர்மமொன்றும் பெற்றோலிற் கலக்கப்பட்டது. அது ஈயத்தை ஆவியாகும் உப்பாக மாற்றிப் புகைக்குழாய் வழியே வெளியேற்றியது. எஞ்சினுக்கு ஈயம் கேடு என்பது கண்டவுடனே அதனை எஞ்சினிலிருந்து அகற்றுவதற்குப் பொறியியலார் வழி கண்டனர். அகற்றப்பட்ட ஈயம் சென்று சேர்ந்த இடம் தெருவில் நடப்போரின் நுரையீரல்.

3

புதிய பொருளின் கொடுமையை முதலில் அறிந்தோர் அதனைத் தயாரித்த தொழிலாளரே. 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஸ்ரான்டட் ஒயில் நிறுவனத்தின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் தெத்திரா எதைல் ஈயத்தை உற்பத்தி செய்த 49 தொழிலாளருள் ஐவர் சில நாள்களுக்குள் இறந்தனர். 35 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். சித்தம் பேதலித்து, இல்லாத உருவங்களைக் கண்டு அலறி, கட்டுப்படுத்த இயலாதவராய் அவர்கள் மாண்டனர். அத்திரவத்தைத் தொழிலாளர் 'பைத்திய வாயு' எனத் தம்முள் வழங்கி வந்தனர். டூபொன்ற் நிறுவனத்தின் டீப்வாட்டர் ஆலையிலும் சாவுகள் நிகழ்ந்தன. அங்குப் பணிபுரிந்தோர் கண்முன் பறப்பதாகத் தோன்றிய பூச்சிகளைக் கைகளால் விரட்டியமையால் அவ்வாலை 'வண்ணத்துப்பூச்சி வீடு' எனப் பெயர் பெற்றது. ஆய்வாளர் அறிக்கை எழுதுமுன்னரே, தொழிலாளர் தம் பேச்சுமொழியில் நோயின் இயல்பைப் பதிந்துவிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

ஒக்ரோபர் 30ஆந் திகதி மிட்ஜ்லி பத்திரிகையாளரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் அத்திரவத்தாற் கைகளைக் கழுவி, அதன் ஆவியை ஒரு நிமிடம் அளவில் முகர்ந்து காட்டினார். முந்திய ஆண்டின் தொடக்கத்தில் ஈய நஞ்சினால் தாமே நோயுற்று ஓய்வு கொள்ள நேர்ந்ததை அவர் அங்குக் கூறவில்லை. எனினும், நியூயோர்க், பிலடெல்பியா நகரங்களும் நியூ ஜேர்சி மாநிலமும் ஈயப் பெற்றோலைத் தடை செய்தன. 1925 மே மாதம் நிறுவனமே விற்பனையை இடைநிறுத்தியது.

1925 மே 20ஆந் திகதி அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஹியூ கமிங் வாஷிங்டனிற் கூட்டிய மாநாடு இவ்வரலாற்றின் முதலாந் திருப்பமாகும். கைத்தொழிலின் சார்பிற் பேசிய பிராங் ஹவார்ட், மோட்டார் எரிபொருளின் வளர்ச்சி நாகரிகத்துக்கு இன்றியமையாதது எனவும், ஈயச் சேர்மம் இறைவனின் கொடை எனவும் வாதிட்டார். யேல் பல்கலைக்கழக உடற்றொழிலியலாளர் யண்டெல் ஹென்டர்சன், ஆலைச் சாவுகளிலும் பெரிய கேடு தெருக்களிலேயே நிகழும், அதுவும் எவரும் உணராவண்ணம் மெல்ல நிகழும் என எச்சரித்தார். அலிஸ் ஹமில்டனும், தொழிலாளர் உடல்நலப் பணியகத்தின் சார்பில் வந்திருந்த கிரேஸ் பேர்ணமும் தொழிலாளரின் பக்கத்தை எடுத்துரைத்தனர்.

மாநாட்டின் முடிவில் அமைக்கப்பட்ட எழுவர் குழு 252 பேரை மாத்திரம், அதுவும் சில மாத காலத்துக்கே, ஆராய்ந்தது. தக்க முறையிற் கட்டுப்படுத்தப்படின் ஈயப் பெற்றோலைத் தடை செய்யப் போதிய ஆதாரமில்லை என 1926 சனவரியில் அது அறிவித்தது. நெடுங்காலப் பயன்பாட்டின் விளைவு பற்றித் தான் ஒன்றுங் கூறமுடியாதெனவும், பொது நிதியிலிருந்து ஆய்வு தொடரப்படவேண்டுமெனவும் அக்குழு சேர்த்துக் கூறியது. விற்பனை மீண்டும் தொடங்கியது. பொது நிதியிலான ஆய்வு தொடங்கவில்லை. ஐயத்தின் பயன் பொருளுக்கு வழங்கப்பட்டது. தீமையை மெய்ப்பிக்கும் சுமை, சுவாசிப்போரின் தலையில் ஏற்றப்பட்டது.

4

அடுத்த நாற்பதாண்டுகள் ஈயம் பற்றிய ஆய்வு பெரும்பாலும் ஈயத்தை விற்றோரின் பணத்திலேயே நடைபெற்றது. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திலே கெட்டரிங் ஆய்வுகூடத்தை வழிநடத்தியவரும், எதைல் கூட்டுத்தாபனத்தின் மருத்துவ ஆலோசகருமான ரொபேர்ட் கெஹோ இத்துறையின் முதன்மை அறிஞராக மதிக்கப்பட்டார். தொழிலாளர் பாதுகாப்பில் அவர் கொணர்ந்த சீர்திருத்தங்கள் மெய்யானவை. ஆலைச் சாவுகள் அவற்றாற் குறைந்தன. ஆயின், அவரது கோட்பாடு மூன்று தூண்களின்மீது நின்றது: ஈயம் மனித உடலில் இயற்கையாகவே உள்ளது, உடல் அதனை வெளியேற்றவல்லது, குறித்தவோர் எல்லைக்குக் கீழே அது தீங்கு செய்யாது. குருதியின் 100 மில்லிலீற்றருக்கு 80 மைக்கிரோகிராம் என்பது அவர் வகுத்த எல்லை. தீங்கு உண்டெனக் கூறுவோர் சான்று காட்டுக என்பது அவரது நிலைப்பாடு. ஆனால் சான்று தேடுவதற்கான ஆய்வுகூடமும் நிதியும் பெரும்பாலும் அவரிடமே இருந்தன.

1936ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்பனையான பெற்றோலில் ஏறத்தாழ 90 சதவீதம் ஈயங் கலந்ததாயிற்று. 1959இல், ஒரு கலன் பெற்றோலிற் சேர்க்கத்தக்க சேர்மத்தின் அளவை 3 கன சென்ரிமீற்றரிலிருந்து 4ஆக உயர்த்துவதற்குப் பொதுச் சுகாதார சேவை இணங்கியது. நோயின் அறிகுறி வெளிப்படையாகத் தோன்றாத இடத்தில் நோயும் இல்லை என்னும் எண்ணம் அறிவியலின் முடிபாகவே மதிக்கப்பட்டது.

5

இக்கோட்பாட்டின் அடித்தளத்தை அசைத்தவர் மருத்துவரோ தொழிற்சங்கவாதியோ அல்லர். விண்கற்களிலுள்ள ஈயத்தின் சமதானிகளை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1950களில் நிறுவிய புவியிரசாயன அறிஞர் கிளெயர் பற்றர்சன் என்பாரே அவர். அவ்வளவீடுகளின்போது, வளியிலும் நீரிலும் பாத்திரங்களிலும் மனிதத் தோலிலும் நிறைந்திருந்த ஈயம் அவரது மாதிரிகளை இடைவிடாது மாசுபடுத்தியது. மாசற்ற ஆய்வுகூடமொன்றை அவர் கட்டியெழுப்ப நேர்ந்தது. தம் ஆய்வுக்குத் தடையாயிருந்த மாசினையே பின்னர் அவர் ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டார்.

1965இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்க மக்களின் உடலிலுள்ள ஈயத்தின் அளவு தொல்மனிதரின் இயற்கை அளவினைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு என அவர் மதிப்பிட்டார். வழமையாகக் காணப்படுவது வேறு, இயற்கையானது வேறு என்னும் வேறுபாடே அவர் சிந்தனையின் சாரம். எங்கும் மாசு பரவிய உலகில், மாசுற்ற ஒருவரை மாசுற்ற இன்னொருவரோடு ஒப்பிட்டு 'இயல்பு' எனக் கூறுவதே கெஹோவின் முறையாயிருந்தது. 1969இல் பற்றர்சனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு, கிறீன்லாந்துப் பனிப்படைகளில் ஈயத்தின் அளவு 1940ஐ அடுத்துச் செங்குத்தாக உயர்ந்தமையைக் காட்டியது. மனிதர் குடியிராத பனிவெளியும் மோட்டார்ப் புகையின் பதிவேடாய் மாறியிருந்தது.

1966இல் செனற்றர் எட்மண்ட் மஸ்கியின் உபகுழு முன்னிலையில் கெஹோவும் பற்றர்சனும் தத்தம் கருத்துகளை எடுத்துரைத்தனர். பற்றர்சனுக்குக் கிடைத்து வந்த சில ஆய்வு நிதிகள் நிறுத்தப்பட்டன. 1971இல் வளிமண்டல ஈயம் பற்றித் தேசிய ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழுவில், அத்துறையின் தலைசிறந்த அளவீட்டாளரான அவருக்கு இடம் வழங்கப்படவில்லை.

6

எனினும், ஈயத்தை அகற்றிய உடனடிக் காரணம் பற்றர்சனின் ஆய்வு எனக் கூறின் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்காரணம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்திலிருந்து பிறந்தது. 1940களிலிருந்து அந்நகரைச் சூழ்ந்து கண்ணையும் மூச்சையும் வருத்திய அம்மூட்டம், வாகனப் புகையின் ஐதரோகாபன்களும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் தாக்கமுறுவதனால் உண்டாவது என்பதை ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமதப்படுத்த மோட்டார் நிறுவனங்கள் தம்முள் உடன்பட்டிருந்தன என 1969இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. மக்கள் இயக்கங்களின் அழுத்தம் பெருகியது. 1970 டிசெம்பரில் நிறைவேறிய தூய வளிச் சட்டம், புதிய கார்களின் புகையிலுள்ள முதன்மையான மாசுகளை 90 சதவீதம் குறைக்குமாறு விதித்தது.

அவ்விலக்கை அடைவதற்கு நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த கருவி, பிளாற்றினம் முதலிய உலோகங்களாலான ஊக்கி மாற்றி. புகை அதனூடு செல்கையில் நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தனவாக மாற்றமடையும். ஆனால் ஈயம் அவ்வூக்கியின் மேற்பரப்பை மூடி அதனைச் செயலற்றதாக்கும். ஆகவே, 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கு ஈயமற்ற பெற்றோல் வேண்டப்பட்டது. ஈயப் பெற்றோலை உலகுக்களித்த ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், எதைல் கூட்டுத்தாபனத்திலிருந்த தன் பங்கினை 1962இலேயே விற்றிருந்தது. 1970இல் ஈயமற்ற பெற்றோலைக் கோரி நின்றோருள் அந்நிறுவனமும் ஒன்று. 1920களில் எஞ்சினைக் காக்கும் பொருட்டுத் தெருவுக்குத் துரத்தப்பட்ட ஈயம், 1970களில் மற்றொரு கருவியைக் காக்கும் பொருட்டே அகற்றப்படலாயிற்று. நுரையீரலுக்காக ஐம்பதாண்டுகளாக மறுக்கப்பட்டது, ஊக்கிக்காகச் சில ஆண்டுகளில் வழங்கப்பட்டது.

ஆயினும், மனித உடல்நலத்தின் பொருட்டு ஈயத்தைக் குறைக்கவேண்டும் என்னும் கோட்பாடு அவ்வேளை தனியே போராடி வென்றது. சூழற் பாதுகாப்பு முகாமை 1973இல் பிறப்பித்த ஒழுங்குவிதியை எதைல் கூட்டுத்தாபனம் நீதிமன்றத்தில் எதிர்த்தது. முதலில் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. 1976 மார்ச்சில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையினால் அதனை மாற்றியது. கேடு நிகழ்ந்து முடிந்தபின் அதனை மெய்ப்பிக்கும் வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. கேடு விளையக்கூடிய இடர் போதுமான அளவு காட்டப்படின் அரசு தலையிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1925இல் வழங்கப்பட்ட விடை இவ்வாறு ஒரு வாக்கு வித்தியாசத்தில் தலைகீழாயிற்று. இஃது இரண்டாந் திருப்பமாகும்.

பின் வந்த சான்றுகள் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தின. மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் உதிர்ந்த பாற்பற்களிலிருந்த ஈயத்தை அளந்த ஹேர்பர்ட் நீடில்மன், வெளிப்படையான நோய் எதுவுமில்லாப் பிள்ளைகளிடத்தும் ஈயம் மிகுந்தோரின் அறிவுத்திறனும் கவனமும் குறைந்திருந்தமையை 1979இல் வெளிப்படுத்தினார். 1976க்கும் 1980க்கும் இடையில், பெற்றோலில் ஈயத்தின் பயன்பாடு குறைந்த அளவுக்கு ஒத்திசைவாக, அமெரிக்க மக்களின் குருதியிலிருந்த சராசரி ஈயம் 100 மில்லிலீற்றருக்கு 14.6 மைக்கிரோகிராமிலிருந்து 9.2ஆக வீழ்ந்தது. 1982இல் ஈய விதிகளைத் தளர்த்த முயன்ற அரசாங்கமே, இச்சான்றின் முன்னே பின்வாங்கி, 1986இலிருந்து அவற்றை மிகக் கடுமையாக்கியது. 1996இல் தெரு வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் அந்நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

'பாதுகாப்பான எல்லை' எனப்பட்டதன் வரலாறும் இங்கு நோக்கற்பாலது. பிள்ளைகளின் குருதியில் கவலைக்குரியதாகக் கொள்ளப்பட்ட ஈய அளவு 1960களில் 60 மைக்கிரோகிராம். அது 1970களின் தொடக்கத்தில் 40, 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 எனப் படிப்படியாக இறங்கியது. இன்று பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவென ஒன்று அறியப்படவில்லை என்பதே மருத்துவ உலகின் முடிபாகும். ஒவ்வொரு காலத்திலும் எல்லைக்குக் கீழே நின்றதாகக் கருதப்பட்ட பிள்ளைகள் அடுத்த காலத்தில் எல்லைக்கு மேலே நின்றவராயினர்.

7

செல்வந்த நாடுகளிற் சந்தை சுருங்கியபோது ஈயச் சேர்மத்தின் வணிகம் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளை நம்பி நீடித்தது. யப்பான் 1980களிலேயே ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. பிரித்தானியா 2000 சனவரியில் அதன் பொது விற்பனையை நிறுத்தியது. எனினும், பிரித்தானியாவின் எல்லிஸ்மியர் போட் ஆலையில் அச்சேர்மத்தின் உற்பத்தி ஏற்றுமதிக்காகத் தொடர்ந்தது. 2010 மார்ச்சில், ஒக்ரெல் என்னும் பழம்பெயரை விடுத்து இன்னொஸ்பெக் எனப் பெயர் பூண்டிருந்த அந்நிறுவனம், அரச அலுவலர்க்குக் கையூட்டு வழங்கிய குற்றத்தை ஈராக் தொடர்பாக அமெரிக்க நீதிமன்றத்திலும், இந்தோனேசியா தொடர்பாகப் பிரித்தானிய நீதிமன்றத்திலும் ஒப்புக்கொண்டது. தன் நாட்டுத் தெருக்களில் விற்க இயலாத நஞ்சினைப் பிறநாட்டுத் தெருக்களில் நிலைநிறுத்தக் கையூட்டு வேண்டப்பட்டது என்பதே அதன் பொருள்.

இந்தியா 2000ஆம் ஆண்டிலும் இலங்கை 2002ஆம் ஆண்டிலும் ஈயப் பெற்றோலை நீக்கின. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகள் 2001இல் டாக்கர் நகரில் எடுத்த தீர்மானத்தை நிறைவேற்றி, 2006 தொடங்குமுன் அவ்வாறே செய்தன. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021 யூலையில் அதனைக் கைவிட்டது. அதனால் ஆண்டுதோறும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் தவிர்க்கப்படுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் மதிப்பிட்டுள்ளது. சிறு விமானங்களின் எரிபொருளில் ஈயம் இன்னும் எஞ்சியுள்ளது.

முற்போக்குச் சிந்தனையாளர் இங்கு நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய ஓர் உண்மையுண்டு. ஈயப் பெற்றோலின் பிறப்பைத் தனியார் இலாப நோக்கினாலும் ஏகபோகத்தினாலும் விளக்கலாம். அதன் நீடிப்பை அவ்விளக்கம் மாத்திரம் தெளிவுபடுத்தாது. இலங்கையில் 1961இல் நிறுவப்பட்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரசுடைமை. அல்ஜீரியாவின் எண்ணெய்த் துறையும் அரசின் கையிலேயே இருந்தது. ஏகாதிபத்திய எண்ணெய் நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபட்டமை இந்நாடுகளின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின், உடைமை கைமாறியபோது தொழில்நுட்பமும் அதனோடு ஒட்டி வந்த நஞ்சும் வினாவின்றிக் கைமாறின. உற்பத்திச் சாதனம் யாருடையது என்று கேட்ட நாம், உற்பத்தி செய்யப்படுவது என்ன, அதன் கழிவை உள்வாங்குவோர் யார் என்று கேட்கத் தாமதித்தோம். சுவாசிப்போர் கேள்வி கேட்பதற்கான நிறுவன வாய்ப்பு இல்லாதவிடத்து, அரசுடைமையும் பழைய வணிகரின் விடையையே திருப்பிச் சொல்லும்.

8

இவ்வரலாற்றிலிருந்து வாகனப் புகையைக் குறைக்கும் வழிகள் பற்றி மூன்று முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, மாசினை உற்பத்தியின் தொடக்கத்திலேயே தடுத்தல் மிகுந்த பயன் தருவது. ஈயம் ஒவ்வொரு வாகனத்தையும் சோதித்து அகற்றப்படவில்லை. எரிபொருளின் தரம் மாற்றப்பட்டது. எல்லா வாகனங்களின் புகையும் ஒரே வேளையில் மாறியது. இலங்கையில் 2008 முதல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அது வேண்டப்படுவதே. ஆயினும் டீசலின் கந்தக அளவையும் இறக்குமதியாகும் வாகனங்களின் தரத்தையும் விட்டுப் பழைய முச்சக்கர வண்டிக்காரரின் புகைக்குழாயை மாத்திரம் சோதிப்பது, சுமையை வலுவற்றோரின் தலையில் வைக்கும் பழைய முறையையே நினைவூட்டும்.

இரண்டாவது, தனி வாகனத்தின் புகை குறைந்தாலும் வாகனங்களின் தொகை பெருகின் வளி தூயதாகாது. இலங்கையிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் மொத்தத் தொகை 2019இன் முடிவில் 80 இலட்சத்தைத் தாண்டியது. 1958இல் நாட்டுடைமையாக்கப்பட்ட பஸ் சேவை பின்னர் நலிவுற்றமைக்கும் இப்பெருக்கத்துக்குமுள்ள தொடர்பு தனியாக ஆராயப்படவேண்டியது. பயணிகள் நம்பி ஏறக்கூடிய பஸ்ஸும் புகையிரதமும் மிகச்சிறந்த புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகும். மின்வாகனம் தெருப் புகையை ஒழிக்கும். ஆயின், அதற்கான மின்சாரம் நுரைச்சோலையின் நிலக்கரியிலிருந்து பெறப்படின், புகையில் ஒரு பங்கு தெருவை விட்டு அங்குள்ள மக்களிடம் சென்று சேரும்.

மூன்றாவதும் முதன்மையானதும், எல்லைகள் பற்றியது. வளியிலுள்ள மிகநுண்துணிக்கைகளுக்கு இலங்கை 2008இல் வகுத்த ஆண்டுச் சராசரி எல்லை ஒரு கனமீற்றருக்கு 25 மைக்கிரோகிராம். உலக சுகாதார தாபனம் 2021இல் பரிந்துரைத்தது 5 மைக்கிரோகிராம். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில் இன்று நம் நகரங்களின் பிள்ளைகள் சுவாசித்து வாழ்கின்றனர். சட்டம் குறித்த எல்லைக்குள் வளி உள்ளது என்னும் அறிவிப்பைக் கேட்குந்தோறும், 60 என்றும் 40 என்றும் 25 என்றும் இறங்கி வந்த ஈயத்தின் எல்லைகளை நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

1925இல் வாஷிங்டனிற் கூடியோருள் ஹென்டர்சன் கூறியது சரியென உலகம் ஏற்பதற்கு ஐம்பதாண்டுகள் சென்றன. அதனை எல்லா நாடுகளும் செயற்படுத்த மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்திற் பிறந்து வளர்ந்த தலைமுறைகள் தம் எலும்புகளில் அவ்வீயத்தைச் சுமந்தன. ஐயத்தின் பயனைச் சுவாசிப்போருக்கு வழங்கும் சட்டமும், அதனைக் கேட்டுப் பெறும் மக்கள் இயக்கமும் இல்லாதவிடத்து, தொழில்நுட்பம் தானாக நம்மைக் காக்கும் என எதிர்பார்ப்பதற்கு வரலாறு இடந்தரவில்லை.